கணினி உலகில் ஒரு முயல் பண்ணை

பால் வியாபாரியின் பசு அவருக்கு நிலைச் சொத்தா, சரக்கா? கணக்குப் பதிவியல் வகுப்பில் அருட்சகோதரி இக்கேள்வியைக் கேட்டபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாலுக்காக வளர்க்கும் பசு நிலைச் சொத்து. விற்பதற்கென்று வைத்திருக்கும் கன்று சரக்கு. இவ்வளவுதான் விடை. ஆனால் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, “சிஸ்டர், கணினிக்குள் வளர்க்கிற முயலானால்?” என்று கேட்டுவிட்டாள். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. “அந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு வாருங்கள், பிறகு கணக்கு எழுதலாம்” என்றார்கள். அப்படித் தெரிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறோம்.

உயிரில்லாத பிராணியை வளர்க்கும் ஆசை புதிதன்று. 1996 ஆம் ஆண்டில் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் ‘தமாகோச்சி’ என்ற கைக்கடக்கமான பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முட்டை வடிவமான அதன் சிறு திரையில் ஒரு குஞ்சு பொரிக்கும், பசித்தால் கூவும், கவனிக்காமல் விட்டால் இறந்துபோகும். வகுப்பறையில் அதைக் கொண்டுவரக் கூடாதென்று பல நாட்டுப் பள்ளிகள் தடை போட்டன. எங்கள் அம்மாக்களில் சிலர் அதை அறிவார்கள். ஆனால் அந்தக் குஞ்சைப் பிறருக்கு விற்க இயலாது. சந்தை இருந்தால்தானே வியாபாரம்?

அந்தச் சந்தை 2003 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திறந்தது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள லிண்டன் லேப் என்ற நிறுவனம், பிலிப் ரோஸ்டேல் என்பவரின் தலைமையில், ‘செகண்ட் லைஃப்’ என்னும் கணினி உலகைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இதற்குள் நுழைபவர் தமக்கென ஓர் உருவத்தை அமைத்துக்கொண்டு நடக்கலாம், பறக்கலாம், பிறரோடு பேசலாம். இதை விளையாட்டென்று சொல்வதும் கடினம். வெல்வதற்கோ தோற்பதற்கோ அங்கு ஒன்றுமில்லை. வீடு, மரம், சட்டை, நாற்காலி எல்லாவற்றையும் அங்கு வாழ்பவர்களே செய்கிறார்கள். 2003 நவம்பரில் அந்நிறுவனம் ஒரு முக்கியமான அறிவிப்பை வெளியிட்டது: ஒருவர் அங்கு படைக்கும் பொருளின் படைப்புரிமை அவருக்கே உரியது. கடை வீதிகள் பெருகியதற்கு இதுவே முதற்காரணம் என்பது எங்கள் எண்ணம். தன் உழைப்பு தனக்கென்று தெரிந்தால்தான் மனிதர் கடை திறப்பார்கள்.

பெரியவர்களுக்கென அமைந்த உலகம் அது. ஆகையால் நாங்கள் அங்கே போய்க் கடை வைக்கவில்லை என்பதைப் பெற்றோர்களின் மன அமைதிக்காக இப்போதே சொல்லிவிடுகிறோம். படித்தும் கேட்டும் அறிந்ததே இக்கட்டுரை.

அவ்வுலகில் செல்லுபடியாகும் பணம் ‘லிண்டன் டாலர்’. அதை உண்மையான அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கலாம். திரும்ப விற்று அமெரிக்க டாலராகவும் ஆக்கிக்கொள்ளலாம். இதற்கென்று ஒரு மாற்றுச் சந்தை உண்டு. நெடுங்காலமாக ஓர் அமெரிக்க டாலருக்கு 250 லிண்டன் டாலர் என்ற அளவையொட்டியே விலை இருந்துவந்தது. ஆனால் நிறுவனத்தின் ஒப்பந்தத்தைப் படித்தால், லிண்டன் டாலர் பணமே அன்று, பயன்படுத்திக்கொள்ள நிறுவனம் தரும் ஓர் அனுமதி மட்டுமே என்று எழுதியிருக்கிறது. சினிமாக் கொட்டகையில் வாங்கிய சைக்கிள் டோக்கன் போல என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கொட்டகைக்கு வெளியே டோக்கனுக்கு மதிப்பில்லை.

இனி முயலுக்கு வருவோம்.

அங்கே பிராணி வியாபாரம் இருவகைப்படும். முதலாவது, பிராணியைத் தாமே செய்து விற்பது. எளிய வடிவங்களை ஒட்டி உடலை அமைத்து, மேலே படத்தால் தோல் போர்த்தி, உள்ளே ஒரு நிரலை எழுதி வைக்க வேண்டும். தொட்டால் வாலாட்டு, இத்தனை நொடிக்கு ஒருமுறை கண் சிமிட்டு, எஜமானர் நடந்தால் பின்னால் போ என்று ஒவ்வொரு செயலுக்கும் கட்டளை எழுதுவார்கள். ஒரு படத்தை ஏற்றுவதற்கு நெடுங்காலம் 10 லிண்டன் டாலர் கட்டணம் இருந்தது. ஒரு நாய்க்குட்டியைச் செய்து முடித்துவிட்டால் ஆயிரம் பேருக்கு விற்கலாம். இரண்டாவது குட்டிக்கு அடக்க விலை ஏதுமில்லை. ஆனால் திறமை வேண்டும், பொறுமை வேண்டும். மேலும் பக்கத்துக் கடைக்காரர் அதைவிட அழகான குட்டியைச் செய்துவிட்டால் நம் கடையில் ஈயாடும்.

இரண்டாவது வகைதான் எங்களைக் கவர்ந்தது. அது இனப்பெருக்கம் செய்யும் பிராணிகளின் வியாபாரம். 2009, 2010 ஆம் ஆண்டுகளில் இது அவ்வுலகெங்கும் பரவியது. முட்டையிடும் கோழிகள், ஓசிமல்ஸ் நிறுவனத்தின் முயல்கள், அமரெட்டோ நிறுவனத்தின் குதிரைகள், பிறகு பூனைகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆண் ஒன்று, பெண் ஒன்று வாங்கி வளர்த்தால் குட்டி பிறக்கும். தாய் தந்தையரின் ரோம நிறம், கண், காது ஆகியவை குட்டிக்கு இறங்கும். பாட்டியிடம் இருந்து அம்மாவிடம் தோன்றாமல் மறைந்து, பேத்தியிடம் வெளிப்படும் குணமும் உண்டு. உயிரியல் பாடத்தில் மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் படித்தவர்களுக்கு இது புரியும். (மெண்டல் ஒரு துறவு மடத்துக் குருவானவர் என்பதை எங்கள் சிஸ்டர்கள் மறக்கவிடுவதில்லை.)

இந்த வியாபாரத்தின் அச்சாணி எது என்று எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. நிறம் என்றாள் ஒருத்தி; ஏலம் என்றாள் மற்றொருத்தி. ஆராய்ந்து பார்த்தால் அச்சாணி, ஒரு சிறிய அனுமதிச் சீட்டுதான். அவ்வுலகில் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று அனுமதிகள் உண்டு: மாற்றியமைக்கலாமா, நகல் எடுக்கலாமா, பிறருக்குக் கொடுக்கலாமா. ஒரு சட்டையை வாங்கினால் பெரும்பாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம், பிறருக்குக் கொடுக்க முடியாது. முயலுக்கு இது தலைகீழ். நகல் எடுக்க முடியாது, பிறருக்குக் கொடுக்கலாம். கணினியில் எதையும் நொடியில் ஆயிரம் பிரதி எடுக்கலாம் அல்லவா? அப்படி எடுக்க முடியாமல் தடுத்திருப்பதால்தான் அந்த முயலுக்கு விலை இருக்கிறது. பஞ்சம் இயற்கையாக வரவில்லை, எழுதி வைத்திருக்கிறார்கள். 2006 நவம்பரில் ‘காப்பிபாட்’ என்ற புரோகிராம் ஒன்று பொருள்களின் வடிவத்தைப் பிரதியெடுக்கத் தொடங்கியபோது, வணிகர்கள் பலர் கடையடைப்புச் செய்தார்கள். அவர்கள் பயந்ததில் வியப்பில்லை.

நிரல் அமைத்த நிறுவனம் எதில் சம்பாதிக்கிறது? முதல் ஜோடியை விற்பதில் மட்டுமன்று, தீனியில். முயல் நாள்தோறும் தின்னும். தீனியை அந்நிறுவனத்திடமே வாங்க வேண்டும். வேறு கடைத் தீனி அதன் வாயில் நுழையாது. தின்னாவிட்டால் குட்டி போடாது. தீனி தின்ற கணக்கும், பிறப்பும், வம்ச வரலாறும் நிறுவனத்தின் சர்வரில் பதிவாகும். ஆகவே விற்பவர் ‘இது உயர்ந்த சாதி முயல்’ என்று பொய் சொல்ல இயலாது. தொட்டுப் பார்த்தால் குணங்கள் எழுத்தில் தெரியும். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதைவிட இது நல்ல ஏற்பாடு. இந்த நல்ல ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம்.

பிறக்கும் குட்டி நேரடியாகத் துள்ளி ஓடிவருவதில்லை. முயலானால் ஒரு கூடு, கோழியானால் முட்டை, குதிரையானால் ஒரு பொதி. வாங்கியவர் அதைப் பிரித்த பின்புதான் பிராணி வெளியே வந்து வளரத் தொடங்கும். பிரிக்காத கூட்டுக்கு வயதாவதில்லை, தீனியும் வேண்டாம். சிஸ்டரின் கேள்விக்கு இங்கேதான் விடை கிடைத்தது! பிரித்து வளர்க்கும் முயல் பால் பசுவைப் போல நிலைச் சொத்து. பிரிக்காத கூடு சரக்கு.

கடைக்கு இடம் வேண்டுமே? அங்கு நிலம் ‘ரீஜன்’ என்ற சதுரங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு ரீஜன் 256 மீட்டர் நீளம், 256 மீட்டர் அகலம். அதாவது 65,536 சதுர மீட்டர். தனியார் ரீஜன் ஒன்றுக்கு மாதம் 295 அமெரிக்க டாலர் கட்டணம் இருந்தது. 2018 ஆம் ஆண்டில் அதை 249 ஆகக் குறைத்தார்கள். சிறு வணிகர் இதற்கு எங்கே போவார்? பெரிய நிலக்காரரிடம் ஒரு மூலையை வார வாடகைக்கு எடுப்பார். இத்தகைய நிலத் தொழிலில்தான் ஆன்ஷி சுங் என்ற பெயரில் அங்கே உலவிய பெண்மணி, தம் சொத்து பத்து இலட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டிவிட்டதாக 2006 ஆம் ஆண்டு நவம்பரில் அறிவித்தார். செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக வெளியிட்டன. அவர் விற்றது நிலம், முயல் அன்று. முயல் கடைக்காரர்கள் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வந்து ஏமாந்தார்கள் என்றே தோன்றுகிறது.

நிலத்திற்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு ரீஜனில் இத்தனை பொருள்தான் வைக்கலாம் என்ற எல்லை இருக்கிறது. முயல் ஒவ்வொன்றுக்குள்ளும் நிரல் ஓடிக்கொண்டே இருப்பதால், பல முயல்கள் சேர்ந்தால் அந்த ரீஜன் முழுவதும் இயக்கம் மந்தமாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் நடக்க முயன்றால் கால் சேற்றில் மாட்டியதுபோல் நகரும். கோழிகளால் இந்தத் தகராறு மிகுதியாக எழுந்தது. ஆகவே பிராணிகளின் நடமாட்டத்தை நிறுத்திவைக்கும் வசதியைச் செய்து தந்தார்கள். அழகாகத் துள்ளுகிறது என்று வாங்கிய முயலை, அக்கம்பக்கத்தாரின் பொருட்டுச் சிலை போல உட்கார வைத்திருக்கிறார்கள்!

இப்போது கணக்கு. கீழ்க்காணும் எண்கள் நாங்கள் பயிற்சிக்காக வைத்துக்கொண்டவை. எந்தக் கடையின் ஏட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. தொகையெல்லாம் லிண்டன் டாலர்.

ஒரு பெண்மணி இரண்டு ஜோடி முயல்களை 3,000 கொடுத்து வாங்குகிறார். நான்கு வாரத்திற்குக் கடை வாடகை 1,200. தீனி 1,000. விளம்பரத்துக்காக 20 படங்கள் ஏற்றியதில் 200. ஆக மொத்தச் செலவு 5,400. இந்நான்கு வாரத்தில் 12 கூடுகள் கிடைக்கின்றன. சாதாரண நிறமுள்ள 7 கூடுகளைத் தலா 200 வீதம் விற்று 1,400 பெறுகிறார். அரிய நிறம் ஒன்று பிறந்துவிட்டது. அதை ஏலத்தில் விட்டதில் 2,500. ஏலக்காரர் 500 எடுத்துக்கொண்டார். கைக்கு வந்தது 2,000. ஆக வரவு 3,400. நான்கு கூடுகள் விலைபோகவில்லை.

கைரொக்கத்தை மட்டும் பார்த்தால் 2,000 குறைகிறது. ஆனால் முயல்கள் இருக்கின்றனவே? எங்களில் ஒரு குழுவினர், பெற்ற முயல்களை வாங்கிய விலைக்கே 3,000 என்றும், மிஞ்சிய 4 கூடுகளைத் தலா 200 என்றும் மதிப்பிட்டனர். அப்போது இலாபம் 1,800. இன்னொரு குழு, பெற்ற முயல்களுக்கு வயதாகிறது, தேய்மானம் வேண்டும் என்று பாதியாக 1,500 வைத்தது; விலைபோகாத கூட்டுக்குச் சந்தை விலை ஏது என்று சொல்லி அதற்குச் சுழியம் போட்டது. அப்போது 500 நஷ்டம். வாங்கியதும் விற்றதும் ஒன்றே, விடை மட்டும் இரண்டு! அமெரிக்கப் பணத்தில் சொன்னால், ஒரு குழுவுக்கு 7 டாலர் 20 சென்ட் இலாபம். மற்ற குழுவுக்கு 2 டாலர் நஷ்டம். அந்தப் பெண்மணி நான்கு வாரம் கடையில் நின்ற உழைப்புக்கு இரு குழுவினருமே கூலி எழுதவில்லை என்பதைச் சிஸ்டர்தான் சுட்டிக்காட்டினார்கள்.

எந்தக் குழு சரி? சரக்கை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதற்கே மதிப்பிட வேண்டும் என்று பாடநூல் சொல்கிறது. அதன்படி இரண்டாம் குழுவின் பக்கமே நாங்கள் சாய்ந்தோம். காரணம் இருக்கிறது. முயல் விற்றவரிடம் வாங்கியவரும் முயல் வளர்ப்பவரே. அவர் வீட்டிலும் குட்டி பிறக்கும். இன்று அரிதாக உள்ள நிறம், மூன்று தலைமுறை கழிந்தால் ஒவ்வொரு கடை வாசலிலும் கிடைக்கும். வாங்குவோர் எண்ணிக்கை அவ்வாறு பெருகுவதில்லை. போதாக்குறைக்கு நிறுவனம் புதிய நிறங்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். பழைய நிறம் போன வருடத்துப் புடவை ஆகிவிடும். வேண்டாத பிராணிகளைத் திரும்ப ஏற்றுக்கொண்டு புள்ளிகள் தரும் முறையைச் சில நிறுவனங்கள் கொண்டுவந்ததே இந்தப் பெருக்கத்தைக் குறைக்கத்தான்.

“இது சூதாட்டம் அல்லவா?” என்று எங்கள் தோழியின் தந்தையார் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. லிண்டன் லேப் 2007 ஜூலையில் சூதாட்டத்தைத் தடை செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பெரிய வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய ஜின்கோ என்ற அங்கத்திய வங்கி முறிந்தது. 2008 ஜனவரியில், அரசாங்கப் பதிவு இல்லாத வங்கிகளுக்கும் தடை வந்தது. 2021 செப்டம்பர் முதல், காசு போட்டால் எது வருமென்று தெரியாத ‘கச்சா’ இயந்திரங்களையும் விலக்கிவிட்டார்கள். முயல் வளர்ப்பு இவற்றில் சேரவில்லை. வாங்கும்போதே என்ன பிராணி என்பது தெரியும். எனினும் அரிய நிறம் பிறக்குமென்று நம்பி மேலும் மேலும் தீனி வாங்குபவரின் மனநிலை, பரிசுச் சீட்டு வாங்குபவரின் மனநிலைக்கு வெகு தூரத்தில் இல்லை. இதைப்பற்றி எங்களுக்குள் ஒரே கருத்து ஏற்படவில்லை.

முன்பு சொன்ன ஆபத்துக்கு வருவோம். 2010 டிசம்பரில் முயல் நிறுவனமான ஓசிமல்ஸ், குதிரை நிறுவனமான அமரெட்டோ தன் படைப்பைப் பின்பற்றிவிட்டதாகக் கூறி, குதிரைகள் தொடர்பான பொருள்களை அகற்றும்படி லிண்டன் லேபுக்கு அறிவிப்பு அனுப்பியது. அமரெட்டோ, கலிஃபோர்னியாவின் வட மாவட்டக் கூட்டரசு நீதிமன்றத்தை நாடியது. தீனி நின்றுவிட்டால் வாடிக்கையாளர்களின் குதிரைகள் பட்டினியால் வீழ்ந்துபோகும் என்பதும் அதன் வாதங்களுள் ஒன்று. அம்மாதமே நீதிமன்றம் அகற்றலைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. இல்லாத குதிரையின் பசி ஒரு நீதிபதியின் மேசைக்குச் சென்றிருக்கிறது. சிரிப்பதற்கு முன் நினைத்துப் பார்க்க வேண்டும்: குதிரை இல்லாவிட்டாலும் அதற்குக் கொடுத்த காசு இருந்தது. அதைக் கவனித்த நாட்கள் இருந்தன.

அன்று குதிரை தப்பியது. முயலுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 2017 மே மாதத்தில், வேறொரு சட்டப் பிரச்சினையில் சிக்கிய ஓசிமல்ஸ், தன்னால் வழக்கைத் தாங்க இயலாதென்று கூறிக் கடையை மூடியது. சர்வரும் நின்றது. சர்வர் இல்லாமல் தீனி வேலை செய்யாது. தீனியில்லாமல் முயல் இயங்காது. ஏறத்தாழ 72 மணி நேரத்துக்குள் முயல்கள் நீள் உறக்கத்தில் ஆழ்ந்துவிடும் என்று அறிவித்தார்கள். தீனியே வேண்டாதபடி முன்னமே தனிப் பொருள் வாங்கிப் பொருத்தியிருந்தவர்களின் முயல்கள் மட்டும் விழித்திருந்தன. அவையும் இனிக் குட்டி போடா. முயல்களின் மேல் யாருக்கும் கோபமில்லை, வாடகை பாக்கியில்லை, கள்வர் வரவில்லை. ஊருக்கு வெளியே எங்கோ ஒரு கணினியை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். பல ஆண்டுகள் பெயர் வைத்து வளர்த்தவர்கள் துக்கப்பட்டார்கள், பத்திரிகைகளும் எழுதின.

எங்கள் வகுப்பில் இதைப் படித்தபோது முதலில் கேட்ட தோழியே மறுபடி எழுந்து, “தூங்குகிற முயலை ஏட்டில் எப்படி எழுதுவது?” என்றாள். முயல் கடைக்காரரிடமே இருக்கிறது. ஆகவே தொலைந்த சொத்து என்று எழுத முடியாது. விற்கலாமா என்றால் வாங்க ஆளில்லை. நெடுநேரம் பேசிய பின், மதிப்பு முழுவதையும் இலாப நட்டக் கணக்குக்கு மாற்றிப் போக்கெழுதும்படி சிஸ்டர் சொன்னார்கள். பேரேட்டில் முயல் கணக்கை அப்படியே முடித்தோம். கூடவே, ஒரே நிறுவனத்தின் தீனியை நம்பியிருக்கும் சரக்கைப்பற்றி முன்பே ஓர் அடிக்குறிப்பு எழுதியிருக்க வேண்டும் என்றும் சிவப்பு மையில் குறித்தார்கள். அந்தக் குறிப்புக்கு அரை மதிப்பெண் குறைந்தது, வகுப்பு முழுவதற்கும்.